அம்மாவுக்கு வாரம் ஒரு கேள்வி

வயதானவர்களிடம் வாரம் ஒரு கேள்வியைத் தொலைபேசியில் கேட்டு, பதில்களைப் புத்தகமாக்கித் தரும் இந்தச் சேவையை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு, அதன் ஆக மோசமான கேள்வியைத்தான் முதலில் சொல்கிறேன். "உங்களை மூன்று சொற்களில் விவரியுங்கள்." வேலைக்கு ஆள் எடுக்கும் அதிகாரி கேட்கிற கேள்வி இது. எழுபத்தெட்டு வயதுப் பெண்மணியிடம், அதுவும் முதல் வாரத்திலேயே, ஒரு பதிவுக் குரல் இதைக் கேட்டது. அம்மாவின் பதில் எங்கள் கணக்கில் இன்னும் பத்திரமாக இருக்கிறது: "ராங் நம்பர். வைத்துவிடுங்கள்." எண்ணிப் பார்த்தால் மூன்று சொற்கள்தான் என்று தம்பி சிரித்தான்.

சேவை செயல்படும் விதம் எளிது. நாம் குறித்துக் கொடுத்த நேரத்தில் வாரம் ஒருமுறை அம்மாவின் கைபேசிக்கு அழைப்பு வரும். ஒரு பெண் குரல் கேள்வி கேட்கும். பதில் சொல்லப் பத்து நிமிடம். பேசியது ஒலிக்கோப்பாகச் சேமிக்கப்படும். எழுத்தாகவும் மாற்றப்பட்டு, நாம் சேர்த்துவைத்த குடும்பத்தாருக்கு மின்னஞ்சலில் போகும். ஓராண்டுச் சந்தா முடியும்போது பதில்களைத் தொகுத்துக் கெட்டி அட்டைப் புத்தகமாக அனுப்புவார்கள். நிறுவனத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. இந்த வகைச் சேவைகள் இப்போது பல வந்துவிட்டன. எல்லாமே ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவைதான் என்பதால், இங்கே சொல்லும் நிறைகுறைகள் மற்றவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

பாசத்தால் வாங்கினோம் என்று எழுதினால் அழகாக இருக்கும். எங்களை வாங்கவைத்தது ஒரு விண்ணப்பப் படிவம். அப்பா இறந்த பிறகு வாரிசுச் சான்றிதழுக்காக அவருடைய தாயாரின் முழுப் பெயரை எழுத வேண்டியிருந்தது. வீட்டில் எல்லோரும் பாட்டியை அழைத்த பெயர் ஒன்று, பத்திரத்தில் இருந்தது ஒன்று, அப்பாவின் பணிப் பதிவேட்டில் இருந்தது வேறொன்று. எது சரி என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அப்பா. அலுவலகத்தில் ஒருவழியாகச் சமாளித்துவிட்டோம். ஆனால் சொந்தப் பாட்டியின் பெயரை யூகித்து எழுதிய எரிச்சல் எனக்குப் போகவில்லை. அடுத்த மாதமே தம்பி இந்தச் சேவையைக் கண்டுபிடித்தான்.

அம்மாவைப் பற்றி ஒரு விவரம் சொல்லாமல் இந்த மதிப்புரையை எழுத முடியாது. அவர் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரும்பாலான காலம் டிரங்க் எக்ஸ்சேஞ்சில். வெளியூர் அழைப்பைப் பதிவுசெய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த காலம் அது. டிரங்க் காலுக்குக் கட்டணம் மூன்று நிமிட அலகில் கணக்கிடப்படும். மூன்று நிமிடம் நெருங்கும்போது ஆபரேட்டர் குறுக்கே வந்து நினைவூட்டுவார். நீட்டிக்கச் சொன்னால் நீட்டிப்பார், இல்லையென்றால் போர்டு என்ற இணைப்புப் பலகையிலிருந்து பிளக்கை உருவிவிடுவார். அந்தக் கடிகாரம் அம்மாவுக்குள் இன்னும் ஓடுகிறது. சேவை பத்து நிமிடம் கொடுத்தும் தொடக்க மாதங்களில் அவருடைய பதில்கள் மூன்று நிமிடத்தைத் தாண்டியதே இல்லை. முடித்ததும் "வேறு?" என்பார். எதிர்முனையில் ஒன்றும் இருக்காது. வைத்துவிடுவார்.

கேள்வி கேட்கும் குரலைப் பற்றியும் அவருக்கு அபிப்பிராயம் உண்டு. "இந்தப் பெண் தூங்கி எழுந்து நேராக வந்திருக்கிறாள். எங்கள் சூப்பர்வைசர் இருந்தால் இவளைப் போர்டில் உட்காரவே விட்டிருக்க மாட்டார்." அது முன்கூட்டியே பதிவுசெய்த குரல் அம்மா என்றேன். "பதிவு செய்யும்போதாவது விழித்திருந்திருக்கலாம்" என்றார். நானும் கேட்டுப் பார்த்தேன். அவர் சொல்வது சரிதான்.

இனிக் கேள்விகள். சேவையின் உயிர் அதில்தான் இருக்கிறது, பலவீனமும் அதில்தான். ஏறத்தாழ பாதிக் கேள்விகள் தன்னைத் தானே மேடையில் நிறுத்திப் பேசச் சொல்பவை: உங்கள் மிகப் பெரிய சாதனை எது, உங்கள் வாழ்க்கைத் தத்துவம் என்ன, இளைய தலைமுறைக்கு உங்கள் அறிவுரை என்ன. இவற்றுக்கெல்லாம் அம்மா ஒருவரிப் பதில்தான் சொன்னார், சிலவற்றுக்கு அதுவும் இல்லை. சாதனை என்ற சொல்லைக் கேட்டதும் அவருக்குக் கூச்சம் வருவது பதிவில் தெளிவாகக் கேட்கிறது. அவர் தலைமுறையில் பலருக்கும் "நான்" என்று தொடங்கும் வாக்கியம் வாயில் எளிதில் வருவதில்லை. தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், பக்கத்து நாற்காலியில் இருந்தவரைப் பற்றித்தான் சொல்வார்கள். அதிலிருந்து நாம் அவர்களைப் புரிந்துகொள்ள வேண்டும். கேள்விகளை எழுதியவர்களுக்கு இது தெரிந்ததாகத் தோன்றவில்லை.

வரிசையும் சரியில்லை. நடுவயதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைச் சொல்லச் சொன்னால், ஏறத்தாழ 10 வயதிலிருந்து 30 வயதுக்குள் நடந்தவை மற்ற வயதுகளில் நடந்தவற்றைவிட அதிகமாக வரும் என்று நினைவு ஆராய்ச்சியாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். பள்ளி, முதல் சம்பளம், கல்யாணம், முதல் குழந்தை எல்லாம் அந்த இருபது ஆண்டுகளுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வந்துவிடுகின்றன. சந்தாவில் சேரும்போதே வயதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் சேவை, அந்தக் காலத்திலிருந்து தொடங்கியிருக்கலாம். தொடங்கியது தத்துவத்தில்.

நல்லவேளையாக, கேள்விகளை நாமே மாற்றி எழுத வசதி இருக்கிறது. அதை நாங்கள் கண்டுகொண்ட பிறகுதான் விஷயம் சூடு பிடித்தது. "முதல் நாள் வேலைக்குப் போனபோது உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் யார்?" என்று நான் எழுதிய கேள்விக்கு அம்மா பத்து நிமிடமும் பேசி, இணைப்பு துண்டிக்கப்பட்டதற்காகக் கோபித்துக்கொண்டார்.

அந்தப் பதிலில் அவர் தன்னை ஏழாம் பொசிஷன் என்று குறிப்பிடுகிறார். போர்டில் ஒவ்வோர் இருக்கைக்கும் ஓர் எண். பணியில் இருக்கும்வரை அதுதான் பெயர். ஆறாம் பொசிஷனில் இருந்த மூத்த பெண்மணிதான் அவருக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். ஹெட்செட்டின் கனத்தில் முதல் வாரம் முழுவதும் கழுத்து வலித்தது, இரவுப் பணியில் தூக்கம் வந்தால் நின்றுகொண்டே இணைப்புக் கொடுப்பார்கள் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவர், திடீரென்று ஓர் இரவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ஒருவர் குழந்தை பிறந்த செய்தியைச் சொல்ல அவசர அழைப்புப் பதிவுசெய்திருக்கிறார். இணைப்புச் சரியாகக் கிடைத்ததா என்று ஆபரேட்டர் ஒரு கணம் கேட்டுத்தான் விலக வேண்டும். அந்த ஒரு கணத்தில் மறுமுனையில் ஒரு முதியவர் சத்தமாக அழுதது அம்மாவின் காதில் விழுந்தது. அடுத்த அழைப்பு ஒரு மரணச் செய்தி. அங்கே மறுமுனையில் யாரும் அழவில்லை. "சரி, சரி" என்று மட்டும் சொன்னார்கள். "ஊரில் உள்ள எல்லா வீட்டுச் செய்தியும் முதலில் என் காதைத்தான் தொட்டது. வீட்டுக்கு வந்து சொல்ல வாய் துடிக்கும். சொல்லக் கூடாது. சொல்லாமல் சொல்லாமல், என் செய்தியைக்கூடச் சொல்லத் தெரியாமல் போய்விட்டது."

ஒட்டுக்கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது ஆபரேட்டர்களின் வேலை விதி. அம்மா அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார் என்பது எனக்குத் தெரியாது. சின்ன வயதிலிருந்து அம்மா மீது எனக்கிருந்த மனத்தாங்கல் ஒன்றுதான்: எதையும் சொல்ல மாட்டார். யாருக்கு உடம்பு சரியில்லை, யாரோடு மனஸ்தாபம், எங்கே பணம் போதவில்லை, எல்லாம் மற்றவர்கள் வாயிலாகத்தான் எங்களுக்குத் தெரியவரும். அதை நம்பிக்கைக் குறைவு என்று எடுத்துக்கொண்டிருந்தேன். இந்த ஒரு பதிலுக்காகவே சந்தாவைக் கட்டியிருக்கலாம். சேவை தந்த கேள்விக்கு வந்த பதில் அல்ல அது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதையொட்டி இன்னொன்றும் வெளிவந்தது. எங்கள் குடும்பத்தில், பிறந்த குழந்தைக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே சாயல் வைத்துவிடுவார்கள். மூக்கு சித்தப்பாவுடையது, கோபம் தாத்தாவுடையது, நடை அத்தையுடையது என்று ஆளாளுக்கு ஒரு பங்கு ஒதுக்கப்படும். எனக்குக் கிடைத்தது அழுத்தம். "அப்பாவின் அம்மாவை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள், வாயிலிருந்து ஒரு சொல் வராது" என்று அத்தை சொல்வார். நான் பிறப்பதற்கு முன்பே இறந்துபோன பாட்டி அவர். அந்தப் படிவத்தில் பெயர் எழுதத் தடுமாறிய அதே பாட்டி. ஆனாலும் அவரோடு எனக்கு ஒரு ரகசிய உறவு இருந்தது. பள்ளியிலும் பிறகு அலுவலகத்திலும் வாதாட வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தபோதெல்லாம், இது என் கோழைத்தனம் இல்லை, ரத்தத்தில் வந்தது என்று சமாதானம் செய்துகொண்டிருக்கிறேன். பாட்டியின் ஒரே புகைப்படத்தில் அவர் உதட்டை இறுக்கிக்கொண்டிருப்பார். போதுமான சாட்சியம் என்று நினைத்திருந்தேன்.

"உங்கள் மாமியார் எப்படிப்பட்டவர்?" என்பது நாங்கள் எழுதிப்போட்ட மற்றொரு கேள்வி. அம்மாவின் பதில் சிரிப்போடு ஆரம்பிக்கிறது. "அவரா அழுத்தம்? தெருக்கோடியில் வரும்போதே குரல் கேட்கும். ஒரு விஷயத்தைச் சொல்லாமல் அவரால் ஒரு பொழுதைத் தாண்ட முடியாது. போட்டோ எடுத்தவன் ஆடக்கூடாது என்று மிரட்டிவிட்டான், அதனால்தான் அப்படி நிற்கிறார்." அப்படியானால் எனக்கு இது எங்கிருந்து வந்தது? அதற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. இரவுப் பணி முடிந்து வந்து அவர் பகலில் தூங்க வேண்டும். அதற்காக வீடு முழுவதும் வாய்பொத்தி இருந்தது. அப்பா சைகையில் பேசுவார். பேசக் கற்றுக்கொள்ள வேண்டிய வயதில் நான் பேசாமலிருக்கக் கற்றுக்கொண்டேன். "நீ பாட்டி மாதிரி இல்லை. என் டியூட்டி சார்ட் மாதிரி" என்று முடித்தார்.

நன்றாக இருக்கிறது. கேட்டவுடன் நம்பிவிடத் தோன்றுகிறது. ஆனால் அத்தையின் கதையை இத்தனை வருடம் கேள்வி கேட்காமல் வைத்திருந்ததற்குப் பதிலாக அம்மாவின் கதையை அதே இடத்தில் தூக்கி வைப்பதில் எனக்கு விருப்பமில்லை. மாமியாரைப் பற்றி மருமகள் சொல்லும் சாட்சியத்தில் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதே வீட்டில், அதே டியூட்டி சார்ட்டில் வளர்ந்த தம்பி வாய் ஓயாமல் பேசுகிறான் என்பதற்கு அம்மாவிடம் பதில் இல்லை. அவனுக்கு ஒதுக்கப்பட்ட சாயல் யாருடையது என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "அவனுக்கு எதுவும் ஒதுக்கவில்லை, இரண்டாவது குழந்தைதானே" என்றார்.

தம்பியோடு எனக்கு நடந்த சண்டையும் இந்தச் சேவையின் வரவுகளில் ஒன்று. மழை நாளில் அம்மாவுக்குக் குடை கொடுக்க எக்ஸ்சேஞ்சுக்குப் போய், உள்ளே போர்டில் விளக்குகள் எரிவதைப் பார்த்தது தனக்கு நன்றாக நினைவிருக்கிறது என்று அவன் ஒரு பதிலுக்குக் கீழே எழுதினான். அப்போது அவனுக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. வெளியாட்களை உள்ளே விட மாட்டார்கள். போனது நான், வாசலோடு திரும்பினேன். போர்டையும் விளக்கையும் நான் கற்பனையாகச் சேர்த்து அவனுக்குச் சொன்ன கதை அது. பெரும்பாலான மனிதர்களுக்கு மூன்று வயதுக்கு முன் நடந்தவை பெரியவர்களான பிறகு நினைவில் நிற்பதில்லை. குடும்பத்தார் சொன்ன கதையே சொந்த நினைவாக மாறக்கூடும் என்பதற்குப் புகழ்பெற்ற ஒரு பரிசோதனையும் உண்டு. எலிசபெத் லாஃப்டஸும் ஜாக்குலின் பிக்ரெலும் 1995இல் வெளியிட்டது. 24 பேரிடம், உறவினர்கள் சொன்ன மூன்று உண்மைச் சம்பவங்களோடு, சிறுவயதில் கடைத்தொகுதியில் தொலைந்துபோனதாக ஒரு பொய்ச் சம்பவத்தையும் கலந்து கொடுத்தார்கள். ஏறத்தாழ கால்வாசிப் பேர் அந்தப் பொய்யை முழுமையாகவோ பாதியாகவோ "நினைவுகூர்ந்தார்கள்". இதைத் தம்பிக்கு அனுப்பினேன். "அக்கா, நீ வாசலோடு திரும்பினாய் என்பது மட்டும் உண்மை நினைவு என்று எந்தப் பரிசோதனை சொன்னது?" என்று பதில் வந்தது. அதற்கு மேல் நான் அவனோடு பேசவில்லை, இரண்டு நாள்.

இப்படி ஒரே சம்பவத்துக்கு இரண்டு மூன்று வடிவங்கள் வருவதுதான் குடும்பம். ஆனால் சேவையில் அதற்கு இடமே இல்லை. பதில் சொன்னவரின் பேச்சு மட்டும்தான் புத்தகத்தில் ஏறும். மற்றவர்கள் எழுதும் குறிப்புகள் திரையோடு நின்றுவிடும். அம்மா, அத்தை, தம்பி மூவரும் ஒரே கேள்விக்குச் சொன்ன பதிலை அடுத்தடுத்த பக்கங்களில் போடுகிற சேவை வந்தால் நான் முதல் ஆளாகச் சேர்வேன்.

விளம்பரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. குடும்பக் கதைகள் தெரிந்த குழந்தைகளுக்குத் தன்னம்பிக்கை அதிகம் என்று ஆராய்ச்சி சொல்வதாக இப்படிப்பட்ட சேவைகள் முழங்குகின்றன. ஆராய்ச்சி உண்மைதான். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் என்ற இரு உளவியலாளர்கள் 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொடங்கியது. தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், பெற்றோர் எப்படிச் சந்தித்தார்கள் என்பது போன்ற 20 கேள்விகளுக்கு ஆம், இல்லை என்று குழந்தைகள் பதில் சொல்ல வேண்டும். அதிகம் தெரிந்தவர்களிடம் சுயமதிப்பும் தன் வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற உணர்வும் கூடுதலாக இருந்தன. ஆனால் அந்த 20 பதில்களையும் குழந்தைக்கு மனப்பாடம் செய்துகொடுத்தால் பயன் கிடைத்துவிடாது என்பதை டியூக்கே தெளிவுபடுத்தியிருக்கிறார். அந்தக் கதைகள் சொல்லப்படும் வீட்டில், ஒருவரோடொருவர் உட்கார்ந்து பேசும் நேரம் இருக்கிறது. காரணம் அங்கே இருக்கலாம். இந்தச் சேவையோ உட்கார்ந்து கேட்கிற ஆளைத்தான் முதலில் வெளியே அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் தூக்கக் கலக்கக் குரல் ஒன்றை வைத்திருக்கிறது.

நாங்கள் அதற்கு ஒரு மாற்று வழி கண்டுபிடித்தோம். அழைப்பு வரும் நேரத்தில் யாராவது ஒருவர் அம்மாவின் பக்கத்தில் இருப்பது. அவர் வைத்த பிறகு "அப்புறம்?" என்று கேட்பது. சேவையால் எந்த நாளும் கேட்க முடியாத கேள்வி இந்த ஒன்றுதான். நல்ல பகுதிகள் பாதிக்கு மேல் அப்போதுதான் வந்தன. அவை என் கைபேசியில் தனியாக இருக்கின்றன. அமெரிக்காவில் 2003இல் ஸ்டோரிகார்ப்ஸ் என்ற அமைப்பு தொடங்கப்பட்டபோதே இதைப் புரிந்துகொண்டிருந்தார்கள். நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஒரு சிறிய பதிவு அறை வைத்து, அறிமுகமான இருவரை எதிரெதிரே உட்காரவைத்து 40 நிமிடம் பேசவிட்டார்கள். கேட்பவர் மகளோ நண்பரோ யாராவது ஒருவர். அவர் முகம் தெரியும். அந்த உரையாடல்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் நாட்டார் வாழ்வியல் மையத்தில் சேமிக்கப்படுகின்றன. நமக்கு நூலகம் வேண்டாம், எதிரே ஒரு நாற்காலி போதும்.

வயதானவர்களைப் பழங்கதை பேசவிடக் கூடாது, மனம் தளர்ந்துவிடும் என்று ஓர் உறவினர் எங்களை எச்சரித்தார். ஒருகாலத்தில் மருத்துவர்களிலும் பலர் அப்படித்தான் நினைத்தார்கள். முதுமையில் கடந்ததைத் திரும்பிப் பார்ப்பது இயல்பான, தேவையான மனவேலை என்று ராபர்ட் பட்லர் என்ற மனநல மருத்துவர் 1963இல் எழுதிய பிறகுதான் அந்தப் பார்வை மாறத் தொடங்கியது. திரும்பிப் பார்ப்பது சிலரை வருத்தத்திலும் கொண்டுபோய் விடலாம் என்றும் அவர் சேர்த்தே எழுதினார். அம்மா விஷயத்தில் நான் கவனித்தது, பேசிய அன்று இரவு அவர் தாமதமாகத் தூங்குகிறார். ஆகவே அழைப்பைக் காலை நேரத்துக்கு மாற்றிக்கொண்டோம்.

தொழில்நுட்பம் சுமார். ஒலிப்பதிவின் தரம் ஏமாற்றம் தருகிறது. பழைய தொலைபேசித் தடம் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களை மட்டுமே கடத்தும். இந்தச் சேவையின் கோப்புகளும் அந்த எல்லைக்குள்ளேயே ஒலிக்கின்றன. எங்களுக்கு மட்டும் அதில் ஓர் அதிர்ஷ்டம்: அம்மாவின் குரலை எத்தனையோ பேர் அப்படித்தான் கேட்டிருப்பார்கள். மற்றவர்கள், சேவையோடு நிறுத்திக்கொள்ளாமல் கைபேசியிலேயே தனியாகப் பதிவுசெய்துகொள்ளுங்கள். சுருக்கப்படாத வேவ் வடிவில், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒற்றைத் தடம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 500 மெகாபைட்டைச் சற்றே தாண்டும். இன்றைய கைபேசிக்கு அது ஒரு பொருட்டில்லை.

எழுத்தாக்கம் இன்னும் மோசம். கணினி, டிரங்க் எக்ஸ்சேஞ்சை ஆரம்பம் முதல் "குரங்கு எக்ஸ்சேஞ்ச்" என்றே எழுதிவந்தது. அம்மாவுக்கு அது பிடித்துப்போய், சில சூப்பர்வைசர்களை எண்ணிப்பார்த்தால் திருத்த வேண்டியதில்லை என்றார். விரைவாகப் பேசும் இடங்களும் இருவர் சேர்ந்து பேசும் இடங்களும் உருத்தெரியாமல் சிதைந்துவிடுகின்றன. ஒவ்வொரு பதிலையும் கேட்டுக் கேட்டுத் திருத்த மாலை நேரங்கள் பல போயின. இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. சந்தா எடுப்பவர் பெற்றோருக்குப் பரிசு கொடுப்பதாக நினைத்துக்கொண்டு தனக்கு ஒரு பகுதிநேர வேலை வாங்கிக்கொள்கிறார்.

எங்கள் புத்தகம் இன்னும் அச்சாகவில்லை, இந்தச் சேவையின் புத்தகம் ஒன்றைத் தோழி வீட்டில் பார்த்தேன். கட்டமைப்பு உறுதி, எழுத்துரு கண்ணுக்கு இதம், படங்கள் சற்று மங்கல். காகிதம் அமிலமற்றதா, நெடுங்காலம் கெடாத காகிதத்துக்கான ஐஎஸ்ஓ 9706 தரத்துக்கு உட்பட்டதா என்று கேட்டு நிறுவனத்துக்கு எழுதினேன். "உயர்தரக் காகிதம்" என்று பதில் வந்தது. பேரப்பிள்ளைகளுக்காக என்று சொல்லி விற்கிற பொருளுக்கு இந்த விடை போதாது.

யார் வாங்கலாம்? பெற்றோரிடமிருந்து வெகு தொலைவில் இருப்பவர்கள், ஒரு கட்டாயம் இல்லாவிட்டால் கேட்கவே மாட்டோம் என்று தங்களைத் தாங்களே அறிந்தவர்கள் வாங்கலாம். கேள்விகளை முதல் வாரத்திலேயே மாற்றி எழுதிவிடுங்கள். ஆட்களையும் பொருட்களையும் பற்றிக் கேளுங்கள். குணங்களைப் பற்றிக் கேட்காதீர்கள். ஒரே ஊரில், ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு இது தேவையே இல்லை. எனக்கும் தேவைப்பட்டிருக்கக் கூடாதுதான், நான் அம்மாவின் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறேன். ஆனால் இயந்திரம் கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்ற கடமையுணர்வு அவருக்கு வந்தது, நான் கேட்டிருந்தால் வந்திருக்காது. மணி அடித்தால் எடுத்தே பழகியவர்.

தனியுரிமையைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், அந்தக் கதை இன்னும் முடியவில்லை. மாமியாரைப் பற்றிப் பேசிய அன்று, வைத்தவுடன் அம்மா கேட்டார்: "இதை யார் யார் கேட்பார்கள்?" நாங்கள் மட்டும்தான் என்றேன். "நடுவில் யாரும் இல்லாமல் ஒரு கால் போகாது" என்றார். விதிமுறைகளை அப்போதுதான் உட்கார்ந்து படித்தேன். பேச்சை எழுத்தாக்கும் திறனை மேம்படுத்த, பதிவுகளைப் பயன்படுத்திக்கொள்ள நாம் ஒப்புதல் கொடுத்ததாகவே எடுத்துக்கொள்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லும் பொத்தான் அமைப்புகளுக்குள்ளே மூன்று படி தாண்டி இருக்கிறது. நடுவில் மனிதர்கள் யாராவது கேட்கிறார்களா என்ற என் கேள்விக்கு, "தரச் சோதனைக்காகச் சில பதிவுகள் மட்டும்" என்று பதில் வந்தது. அம்மாவிடம் அப்படியே சொன்னேன். தரச் சோதனைக்குக் கேட்பவர்களும் ரகசியம் காக்கக் கையெழுத்துப் போட்டிருப்பார்களா என்று கேட்டார். அதையும் எழுதிக் கேட்டேன், ஆம் என்றார்கள். அந்தப் பொத்தானை அழுத்தி, வேண்டாம் என்றும் சொல்லிவிட்டோம்.

அதன் பிறகும் இரண்டு பதில்களைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடச் சொல்கிறார். ஒன்று மாமியார். மற்றொன்றில் ஒரு டிரங்க் கால், யாருடையது என்று சொல்லாமல் சொன்னது. எழுத்தை நீக்கினால் ஒலிக்கோப்பு தானாகப் போகாது, அதைத் தனியே நீக்க வேண்டும். இதைச் சேவை எங்கும் தெளிவாகச் சொல்வதில்லை. அச்சுக்கு ஒப்புதல் கொடுத்த பிறகு எந்த மாற்றமும் செய்ய முடியாது. ஆகவே நாங்கள் இன்னும் ஒப்புதல் கொடுக்கவில்லை. புத்தகத்திலேயே நல்ல பதில்கள் அந்த இரண்டும்தான் என்று தம்பி அம்மாவிடம் தினமும் வாதாடிக்கொண்டிருக்கிறான். நான் அம்மா பக்கம்.